மார்க்விஸ் என்ற சொல்லைத் தேடி: எல்லைப்புறத்தில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஷ்ரூஸ்பரி

பர்மிங்காமில் மகள் வீட்டிலிருந்து காலையில் ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஷ்ரூஸ்பரி வந்து சேர்ந்தேன். இன்று முதல் ஐந்து நாட்கள், இங்கிலாந்தும் வேல்ஸும் உரசிக்கொள்ளும் எல்லைப்புறத்தில் சுற்றப்போகிறேன். அன்றைய கதையை அன்றிரவே எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை.

ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். கார்ன்வாலிஸ் பிரபு, வெல்லெஸ்லி பிரபு, டல்ஹௌசி பிரபு, ரிப்பன் பிரபு என்று பாடப்புத்தகம் எல்லாரையும் ஒரே 'பிரபு'வில் அடக்கிவிடும். ஒரு நாள் ஒரு மாணவி, நூலகப் புத்தகம் ஒன்றில் 'மார்க்விஸ் ஆஃப் ரிப்பன்' என்று இருப்பதைக் காட்டி, "ஐயா, மார்க்விஸ் என்றால் என்ன?" என்று கேட்டாள். டியூக்கிற்கு ஒரு படி கீழே, ஏர்லுக்கு ஒரு படி மேலே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது படியைச் சொன்ன பதில்; பொருளைச் சொன்ன பதில் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மார்க்விஸ் என்றால் எல்லைக் காவலன். பழைய ஆங்கிலத்தில் 'மேர்க்' என்றால் எல்லை. அதன் உடன்பிறப்பான 'மார்கா' என்ற சொல் பிராங்க் மக்களின் பேச்சிலிருந்து பிரெஞ்சுக்குள் நுழைந்து 'மார்ச்' ஆயிற்று. நாட்டின் விளிம்பில் கிடக்கும் நிலம் என்று பொருள். மார்ச் மாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது ரோமானியப் போர்க் கடவுளின் பெயர். இந்த விளிம்பு நிலத்தைக் காத்தவன் பிரெஞ்சில் 'மார்க்கி', ஜெர்மனில் 'மார்க்கிராஃப்'. டென்மார்க்கின் வாலில் இருப்பதும் இதே 'மார்க்'தான். பாரசீகத்தில் எல்லைக்கு 'மர்ஸ்' என்றும், எல்லைக் காவலனுக்கு 'மர்ஸ்பான்' என்றும் பெயர். அதுவும் இதே குடும்பம். எல்லையை உணர்த்த நட்ட அடையாளத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. விடைத்தாள்களில் நான் வாழ்நாளெல்லாம் போட்ட 'மார்க்'கின் மூலம் எல்லைக்கல் என்று தெரிந்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட எல்லை எங்கே இருந்தது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். இந்தப் பகுதியை இன்றும் 'வெல்ஷ் மார்ச்சஸ்' என்றே அழைக்கிறார்கள்.

ஷ்ரூஸ்பரியைச் செவர்ன் ஆறு ஏறக்குறைய முழு வட்டமாக வளைத்திருக்கிறது. ஊரின் கிழக்கே உள்ள பாலத்துக்கு இங்கிலீஷ் பாலம் என்று பெயர். மேற்கே உள்ளதற்கு வெல்ஷ் பாலம். இந்த இரண்டு பெயர்களே ஊரின் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், மேற்கு எல்லையில் மூன்று ஆட்களை நிறுத்தினார்: வடக்கே செஸ்டரில் ஹியூ, நடுவே இங்கே ரோஜர் டி மான்கோமரி, தெற்கே ஹெரஃபோர்டில் வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன். மூவரும் ஏர்ல்கள். ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் செந்நிறக் கோட்டை ரோஜர் தொடங்கியது.

மாலையில் ஹை ஸ்ட்ரீட் முனையில் சிறிது நேரம் நின்றேன். 1283 அக்டோபரில், வேல்ஸின் கடைசி இளவரசர்களில் ஒருவரான டாஃபித் அப் கிரிஃபித்தை இந்த ஊரில்தான் கொடூரமாகக் கொன்றார்கள். கயத்தாற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே நெஞ்சில் ஏறும் கனம் இங்கேயும் ஏறியது.

இரண்டாம் நாள்: லட்லோ

தெற்கே போகும் ரயிலில் சன்னல் ஓரம் கிடைத்தது. கிரேவன் ஆர்ம்ஸ் தாண்டியதும் ஸ்டோக்ஸே மாளிகை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர் கட்டியது. அதற்கு அரண் எழுப்ப 1291இல் அவர் அரசரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லைப் பிரபுக்களின் அதிகாரம் என்ன என்பது இதை வைத்துத்தான் புரியும்.

லட்லோ கோட்டை டீம் ஆற்றுக்கு மேலே ஒரு பாறை முனையில் நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பம் தொடங்கிய கட்டடம். உள்முற்றத்தில் வட்ட வடிவ வழிபாட்டுக்கூடம் ஒன்று இருக்கிறது. கூரை இல்லை, சுவரும், பல் பல்லாகச் செதுக்கிய வாசல் வளைவும் மட்டுமே மிச்சம். அதன் நடுவில் நின்று அண்ணாந்தால் வானம் ஒரு வட்டத் தட்டாகத் தெரிகிறது. அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

'மார்ச்சர்' பிரபுக்கள் என்று அழைக்கப்பட்ட இந்த எல்லைத் தலைவர்கள் கோட்டை கட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. தம் நிலத்தில் தாமே வழக்குத் தீர்த்தார்கள். படை திரட்டினார்கள், போர் தொடுத்தார்கள். அரசரின் ஆணை ஓலை அவர்கள் எல்லைக்குள் செல்லாது. ஸ்டோக்ஸே வணிகருக்கு இல்லாத உரிமை, சில கல் தொலைவில் இருந்த இவர்களுக்கு இருந்தது. காரணம் எளிது. எதிரி இரவில் வந்தால் லண்டனுக்குச் சேதி அனுப்பி விடை வரும்வரை காத்திருக்க முடியாது. விளிம்பில் நிற்பவனுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவெங்கும் எல்லைக் காவலன் சாதாரணக் கோமகனைவிட ஒரு படி உயர்ந்ததற்கு வேர் இதுதான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் நம் பாளையக்காரர்கள். படை வைத்திருந்தார்கள், காவல் செய்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள், கோட்டை கட்டினார்கள். இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்தவனுக்கு மற்றொன்று அந்நியமாகப் படாது.

ஒரு புதிரும் இருக்கிறது. இத்தனை எல்லைத் தலைவர்கள் இருந்தும், இந்த மண்ணில் அப்போது ஒருவர்கூட மார்க்விஸ் இல்லை. அவர்கள் ஏர்ல், அல்லது வெறும் பிரபு. மார்க்விஸ் பட்டம் இங்கிலாந்துக்கு வந்தது 1385இல்தான். இரண்டாம் ரிச்சர்டு தம் நண்பர் ராபர்ட் டி வியரை டப்ளின் மார்க்விஸ் ஆக்கினார். பழைய ஏர்ல்களுக்கு மேலே ஓர் இளைஞரை உட்கார வைக்க ஒரு புதுப் படி தேவைப்பட்டது. பிரெஞ்சிலிருந்து சொல் வந்தது, காவல் வரவில்லை. 1397இல் ஜான் போஃபர்ட் டார்செட் மார்க்விஸ் ஆனார். டார்செட் தெற்குக் கடலோரம் இருக்கிறது, வேல்ஸ் எல்லையிலிருந்து வெகு தொலைவு. இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது, பட்டமும் பறிபோனது. 1402இல் நாடாளுமன்றத்தின் மக்களவை அதைத் திருப்பித் தரும்படி அரசரை வேண்டியபோது போஃபர்ட்டே எழுந்து, அந்தப் பெயர் இந்த நாட்டுக்கு அந்நியமானது, எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஒரு பட்டத்தைச் சொல் சரியில்லை என்று மறுத்த மனிதர்! சொற்களை நேசிக்கும் எவனும் அவரை நேசிப்பான்.

1532இல் எட்டாம் ஹென்றி ஆன் பொலினைத் திருமணத்துக்கு முன்பே பெம்புரோக் மார்க்விஸ் ஆக்கினார். பெம்புரோக் வேல்ஸில் இருப்பது தற்செயல். அதற்குள் பட்டம் முழுக்க அணிகலனாக மாறிவிட்டிருந்தது.

கோட்டையை விட்டு வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: பொவிஸ். 1811இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் பொவிஸ் ஏர்ல். அவர் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள்: விக்மோர்

காலை பஸ் வரவே இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு டாக்சி பிடித்தேன். போனதற்குப் பலன் இருந்தது.

விக்மோர் கிராமத்துத் தேவாலயத்தைத் தாண்டி, ஆட்டுப்பட்டி ஓரமாக ஒரு தடம் ஏறுகிறது. டிக்கெட் கிடையாது, காவலாள் கிடையாது. மார்ட்டிமர் குலத்தின் தலைமைக் கோட்டை மரங்களுக்கு நடுவே பாதி புதைந்து கிடக்கிறது. வாயில் வளைவின் கீழே மண் ஏறி ஏறி, இப்போது வளைவின் தலை மட்டும் இடுப்புயரத்தில் நிற்கிறது. தொல்லியல் துறையினர் இதைத் துடைத்துப் பளபளப்பாக்காமல், செடி கொடிகளோடு அப்படியே உறுதிப்படுத்தி 1999இல் திறந்தார்கள். சுவரின் மேல் புல்லும் காட்டுப்பூவும் வளர்கின்றன, அவைதான் மழையிலிருந்து கல்லைக் காக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியில் மண்மேட்டின் முன் நின்று வளர்ந்தவன் நான். இடிந்த இடத்தை இடிந்த இடமாகவே மதிப்பது எப்படி என்பதை இங்கே பார்த்தேன். நம் ஊரில் யாராவது இந்த வழியை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தக் கோட்டையின் ரோஜர் மார்ட்டிமர் அரசர் இரண்டாம் எட்வர்டை எதிர்த்து லண்டன் கோபுரத்தில் சிறைப்பட்டார். 1323 ஆகஸ்டு முதல் நாள் இரவு, புனித பீட்டர் சங்கிலியறுத்த திருநாளில், தப்பிவிட்டார். நேற்று லட்லோ வெளிமுற்றத்தில் பார்த்த சிறு வழிபாட்டுக்கூடம், அந்த விடுதலைக்கு நன்றியாக அவர் பீட்டர் பெயரில் கட்டியது. 1326இல் அரசி இசபெல்லாவோடு படை கொண்டுவந்து அரசரையே இறக்கினார். 1328இல் தமக்கு ஒரு பட்டம் எடுத்துக்கொண்டார்: ஏர்ல் ஆஃப் மார்ச், எல்லைப்புறத்தின் ஏர்ல்.

அதுவரை ஏர்ல் பட்டம் ஒரு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயரோடு வரும். இவரோ எல்லை முழுவதையும் தம் பெயரில் எழுதிக்கொண்டார். பொருளளவில் பார்த்தால் இங்கிலாந்தின் முதல் மார்க்விஸ் இவர்தான் என்பேன், சொல்தான் வேறு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நாட்டிங்காம் கோட்டையின் சுரங்க வழியே நுழைந்த இளைய அரசரின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். 1330 நவம்பர் 29 அன்று டைபர்னில் தூக்கிலிட்டார்கள். பட்டம் பேரனுக்குத் திரும்பி வந்து, பிறகு பெண்வழியாக யார்க் குலத்துக்குப் போயிற்று.

அதே டாக்சியில் கிங்ஸ்லாண்டு வரை போனேன். 1461 பிப்ரவரி 2 காலையில், மார்ட்டிமர்ஸ் கிராஸ் என்ற இடத்தில் படையோடு நின்ற மார்ச் ஏர்ல் எட்வர்டுக்கு வயது பதினெட்டு. கிழக்கே ஒரு சூரியனுக்குப் பதில் மூன்று எழுந்தன. பனித்துகள்களில் ஒளி முறிந்து உண்டாகும் தோற்றம் அது. வீரர்கள் அஞ்சினார்கள், அவர் அதைத் திரித்துவத்தின் அருள் என்று சொல்லித் தேற்றினார். வென்றார். அடுத்த மாதமே நான்காம் எட்வர்டு ஆனார். எல்லைக் காவலனின் பட்டம் அதோடு மணிமுடிக்குள் கரைந்தது.

சாலையோரம் அந்தப் போருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. நட்ட ஆண்டைப் படித்ததும் கை தானாக அந்தக் கல்லைத் தொட்டது: 1799. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்றுதான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

நான்காம் நாள்: நைட்டன்

இன்று நடை. நைட்டன் ஊர் வேல்ஸில் இருக்கிறது, அதன் ரயில் நிலையம் இங்கிலாந்தில் இருக்கிறது! இடையில் ஓடும் டீம் ஆறுதான் எல்லை. பெட்டியிலிருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, சில நிமிடம் நடந்து நாடு மாறினேன்.

ஊருக்கு வெல்ஷ் மொழியில் 'ட்ரெவ்-அ-கிளவுத்' என்று பெயர். அகழிக்கரை ஊர் என்று பொருள். அகழி, எட்டாம் நூற்றாண்டில் மெர்சியாவை ஆண்ட ஓஃபா வெட்டியது. மேற்கே பள்ளம், கிழக்கே மண்கரை. அதாவது வேல்ஸிலிருந்து வருபவன் முதலில் பள்ளத்தில் இறங்கி, பிறகு கரை ஏற வேண்டும். மெர்சியா என்ற நாட்டுப் பெயருக்கும் எல்லை மக்கள் என்றே பொருள், அதே 'மேர்க்'. ஆக, எல்லைக்காரர்களின் அரசன் எல்லையை மண்ணாலேயே எழுதி வைத்தான்.

இந்தக் கரையை ஒட்டிய நடைபாதை 1971இல் திறக்கப்பட்டது; தெற்குக் கடலிலிருந்து வடக்குக் கடல் வரை 285 கிலோமீட்டர். நான் நடந்தது எட்டு கிலோமீட்டர். முழங்கால் அதற்கு மேல் ஒப்பவில்லை. கரைமேல் உட்கார்ந்து மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டேன். இருபக்கமும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கம் எந்த நாடு என்று அவற்றுக்கும் தெரியவில்லை, எனக்கும் சட்டென்று தெரியவில்லை. இன்றைய எல்லைக் கோடு பெரும்பாலான இடங்களில் ஓஃபாவின் கரையை விட்டு விலகிப் போய்விட்டது.

இந்த மேடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது ஆநிரைப் போர். இருட்டில் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, விடியுமுன் துரத்திப்போய் மீட்பது. புறத்திணையில் வெட்சியும் கரந்தையும் சொல்லிக் கொடுத்தவனுக்கு உரை தேவையில்லை. 1086இல் வில்லியத்தின் அலுவலர்கள் எழுதிய நிலக் கணக்கில், எல்லையோர ஊர்கள் பலவற்றின் எதிரே 'பாழ்' என்ற ஒரே சொல் இருக்கிறது. காவலனின் பட்டத்துக்குக் கீழே கிடந்த வாழ்க்கை அது. நம் ஊர் எல்லையில் அய்யனாரைக் குதிரையோடு நிறுத்தி வைத்தவர்களும் இரவில் இதே ஒலிகளைக் கேட்டவர்கள்தான்.

எட்டாம் ஹென்றி காலத்தில், 1536லும் 1542லும் இயற்றிய சட்டங்கள் எல்லைப் பிரபுக்களின் தனி உரிமைகளை ஒழித்து, இந்த நிலத்தைக் கவுண்டிகளாகப் பிரித்தன. காவல் முடிந்தது. மார்க்விஸ் பட்டங்களோ அதன் பிறகுதான் பெருகின. இன்று இருக்கும் மார்க்விஸ் வரிசையில் மூத்தது வின்செஸ்டர், 1551இல் வந்தது. முடியில் நான்கு ஸ்ட்ராபெரி இலையும் நான்கு வெள்ளிக் குண்டும் மாறி மாறி இருக்கும் என்பது விதி. மனைவிக்கு மார்ச்சியோனஸ் என்று பெயர்.

இரவு மறுபடி ஷ்ரூஸ்பரி.

ஐந்தாம் நாள்: பொவிஸ்

இந்தப் பயணத்தை இந்த நாளுக்காகத்தான் திட்டமிட்டேன்.

வெல்ஷ்பூல் நிலையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து, மான்கள் மேயும் பூங்கா வழியே நடந்தால் பொவிஸ் கோட்டை. சிவப்புக் கல், கீழே அடுக்கடுக்காகத் தோட்டம், மேகம் போலத் திரண்ட யூ மரப் புதர்கள். கட்டியவர்கள் பொவிஸின் வெல்ஷ் இளவரசர்கள். பிறகு ஹெர்பர்ட் குடும்பம் வந்தது. 1687இல் வில்லியம் ஹெர்பர்ட் பொவிஸ் மார்க்விஸ் ஆனார். உண்மையான எல்லை மண்ணில் உண்மையான மார்க்விஸ்! ஆனால் காக்க எல்லை இல்லாமல் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மறு ஆண்டே அரசர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓட, இவரும் பின்னாலேயே பிரான்சுக்குப் போனார். 1748இல் அந்த மார்க்விஸ் வரிசை முடிந்தது.

அந்தக் குடும்பத்தின் மகள் ஹென்ரியட்டாவை 1784இல் மணந்தவர் எட்வர்டு கிளைவ், ஆர்க்காட்டிலும் பிளாசியிலும் பேர் பெற்ற ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1804இல் பொவிஸ் ஏர்ல் ஆனவரும், லட்லோ கோட்டையை வாங்கியவரும் இவரே.

கிளைவ் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் போன்ற கற்கள் பதித்த ஒரு பொன் புலித்தலை. திப்பு சுல்தானின் அரியணையில் இருந்தது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அரியணையை உடைத்துப் பங்கு போட்டார்கள். அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் ரிச்சர்டு வெல்லெஸ்லிக்கு அதே ஆண்டு கிடைத்த பரிசு மார்க்விஸ் பட்டம். அவர் இங்கிலாந்துப் பட்டத்தை எதிர்பார்த்தார், வந்தது அயர்லாந்துப் பட்டம். இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று அதைக் குறித்து ஆத்திரப்பட்டு எழுதினார். ஒரு நாடு அழிந்ததற்குக் கிடைத்த கூலி போதவில்லை என்ற ஆத்திரம் அது. திப்பு தம் தலைநகரின் மதிலிலேயே போரிட்டு மாண்டார். எல்லையைக் காத்தவர் யார், எல்லைக் காவலன் என்ற பட்டத்தைப் பெற்றவர் யார்? என் மாணவிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

எட்வர்டு கிளைவ் கவர்னராக இருந்தபோதுதான் எங்கள் பக்கத்துப் பாளையங்கள் வீழ்ந்தன. கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் எல்லாரும் 1799 முதல் 1801 வரையிலான மூன்று ஆண்டுக்குள் முடிந்துபோனார்கள். 1801 டிசம்பர் முதல் நாள் சென்னைக் கோட்டையிலிருந்து அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக நடத்திய ஒவ்வோர் ஆண்டும் என் குரல் தடுமாறும். அதே மனிதர் ஊர் திரும்பி, பத்தே ஆண்டில், இடிந்துகொண்டிருந்த ஓர் எல்லைக் கோட்டையைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றினார். லட்லோவின் வட்டக்கூடத்தில் நான் அண்ணாந்து பார்த்த வானம் அவரால் மிஞ்சியது. இரண்டையும் ஒருசேர நெஞ்சில் வைக்க இடம் போதவில்லை. தோட்டத்துப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஹென்ரியட்டா 1800இல் தம் இரு பெண்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் பயணம் செய்தவர். அவர் பார்த்த காவிரியை நினைத்துக்கொண்டேன்.

மூடும் நேரத்துக்கு முன் மறுபடி உள்ளே போனேன். திப்புவின் கூடாரத் துணியை மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் பூச்சாடி பூச்சாடியாக அச்சிட்டது. சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கவில்லை. கிளைவ் குடும்பத்தார் இதைக் கொண்டுவந்து தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். அப்படிப்பட்ட பெரிய கூடாரத்துக்கு ஆங்கிலத்தில் 'மார்க்கீ' என்று பெயர். அது பிரெஞ்சு 'மார்க்கீஸ்', மார்க்விஸின் மனைவி. படை அதிகாரியின் கூடாரத்தைத் தனித்துக் காட்ட அதன் மேல் விரித்த விதானத்துக்கு வைத்த பெயர். கடைசி ஒலியைப் பன்மை என்று எண்ணி ஆங்கிலேயர் கழற்றிவிட்டார்கள்.

ஷ்ரூஸ்பரி ரயிலுக்கு இருபது நிமிடமே இருந்தது. பெட்டியில் உட்கார்ந்ததும் அந்த மாணவிக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். இப்போது அவளும் தூத்துக்குடியில் ஆசிரியை.